வில்லன் யார்?

திரையிலே வில்லன் தோன்றுகிறான், அரங்கமே சீறுகிறது. அந்தப் பெயரை முதன்முதலில் சுமந்தவன் யார் தெரியுமா, தோழர்களே? கன்னம் வைத்த கள்வனல்ல. கன்னியரைக் கவர்ந்த கயவனல்ல. கழனியிலே காலமெல்லாம் உழைத்தவன்!

இலத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணைவீடு. பண்ணையிலே பாடுபட்டவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது அச்சொல். ஊருக்குச் சோறளித்தவனை மாளிகைவாசிகள் முதலில் நாகரிகமற்றவன் என்றனர்; பிறகு இழிகுணத்தான் என்றனர்; முடிவில் கொடியவன் என்றே முத்திரையிட்டனர். ஏர் அவன் கையில் இருந்தது. எழுதுகோல் அவர்கள் கையில் இருந்தது!

சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு என்பர் சிலர். வேரைக் காட்டி வியப்பர். வேரடியில் உறைந்த வியர்வையைக் காணார்.

அடிமையைக் குறிக்கும் 'ஸ்லேவ்' என்னும் சொல்லைப் பாருங்கள். இடைக்காலத்தில் ஸ்லாவ் இனத்தார் சிறைபிடிக்கப்பட்டுச் சந்தைகளில் விற்கப்பட்டனர். அந்த இனத்தின் பெயரே அடிமைக்குப் பொதுப்பெயராயிற்று. பிரெஞ்சில் 'எஸ்கிளாவ்', செருமனில் 'ஸ்கிளாவெ', இத்தாலியில் 'ஸ்கியாவோ'. வெனிஸ் நகர வழக்கிலே அச்சொல் 'தங்கள் அடிமை' எனும் பணிவுரையாகித் தேய்ந்து, இன்று நண்பர்கள் கையசைத்துக் கூறும் 'சாவோ' ஆகிவிட்டது. சிரித்த முகத்துடன் சொல்லும் சொல்லிலும் சங்கிலியின் ஓசை!

'ரோபோ' மட்டும் என்ன? செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக், 1920-ல் வெளியிட்ட நாடகத்தில் வழங்கிய சொல் அது. எடுத்துக் கொடுத்தவர் தமையன் யோசெப். அதன் வேர் 'ரொபோட்டா': நிலப்பிரபுவுக்குக் குடியானவன் செய்த கட்டாய ஊழியம். நாடகத்தில் அந்த ரோபோக்கள் கிளர்ந்தெழுகின்றன!

நாடகத்தில் மட்டுமா எழுச்சி? 1880-ல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தார் கேப்டன் பாய்காட். குத்தகையைக் குறைக்கக் கோரிய உழவரை வெளியேற்ற முனைந்தார். மக்கள் வாளெடுக்கவில்லை, விலகி நின்றனர். அறுவடைக்கு ஆளில்லை, கடையில் பொருளில்லை, பேச்சுக்குத் துணையில்லை. வெளியூர் ஆட்களைக் கொணர்ந்து, படையின் காவலிலே பயிரறுக்க நேர்ந்தது. அவ்வாண்டு முடியுமுன் பாய்காட் ஊரைவிட்டே போனார். பெயர் மட்டும் நின்றது. ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், உருசியம் எனப் பல மொழிகளிலும் அது இன்று ஒத்துழையாமையின் பெயர்!

உழவன் பெயரை மாளிகை வசைச்சொல்லாக்கிற்று. மாளிகையின் முகவர் பெயரை உழவன் போர்ச்சொல்லாக்கினான். அகராதியில் உழைப்பவனும் எழுத முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்த முறை வில்லனைக் கண்டு சீறும்போது, தோழர்களே, அந்தச் சீற்றம் உரியவரிடந்தான் போய்ச் சேருகிறதா என்று ஒரு நொடி எண்ணிப் பாருங்கள்!