என்ன ஆட்டம் ஆடினார்?

என்னுடைய முதல் நாவலில் கதாநாயகனின் தகப்பனார் சீட்டாடி வீட்டைத் தோற்கிறார். அந்த அத்தியாயத்தை நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் பலர். ஒருவர் மாத்திரம் ஒரு கேள்வி கேட்டார். நெல்லித்தோப்பில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கும் பெரியவர் அவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரிப் பேச்சில் சொன்னால் ‘சொல்தா’. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே, “எல்லாம் சரி தம்பி, உங்க ஆளு என்ன ஆட்டம் ஆடினார்?” என்றார்.

“சீட்டாட்டந்தான் ஐயா” என்றேன்.

“சீட்டுங்கறது வெறும் அட்டை. ஆட்டம் என்னன்னு கேக்கறேன். ரம்மியா, மூணு சீட்டா, இருபத்தெட்டா? எத்தனை பேர் உட்கார்ந்தாங்க? கூட்டாளி உண்டா, தனிக்கையா?”

நான் விழித்தேன். அந்த அத்தியாயத்தில் பாய் இருந்தது, பீடிப் புகை இருந்தது, வாசலில் ஒரு பெண்பிள்ளை தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் மட்டும் இல்லை.

அன்றிலிருந்து கதைகளில் சீட்டு வரும் இடங்களையெல்லாம் இந்தக் கேள்வியோடு படிக்கும் கெட்ட வழக்கம் எனக்கு வந்துவிட்டது. நம் கதைகளிலும் சினிமாவிலும் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. சீட்டு என்றால் குடிக்கு அடுத்த படி, அவ்வளவுதான். ஆசாமி ஆடுகிறான், தோற்கிறான், மனைவி அழுகிறாள். அவன் யோசித்து ஆடினானா, யோசிக்காமல் ஆடினானா? நல்ல கை வந்தபோது எப்படி இருந்தான், மோசமான கை வந்தபோது எப்படி இருந்தான்? இதெல்லாம் நமக்குத் தெரியாது. ஆசிரியருக்கும் தெரியாது என்பதுதான் என் சந்தேகம். என் விஷயத்தில் அது சந்தேகமல்ல, உண்மை.

சட்டங்கூட இந்த விஷயத்தில் கதாசிரியர்களைவிட நுட்பமாக இருந்திருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-இல் சுப்ரீம் கோர்ட், ரம்மியையும் மூன்று சீட்டையும் ஒன்றாகச் சேர்க்க மறுத்தது. மூன்று சீட்டு வெறும் அதிருஷ்டம். ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை என்றது. கைபேசியில் பணம் வைத்து ஆடும் ரம்மி வந்து பல குடும்பங்களை உலுக்கிய பிறகு, திறமை, அதிருஷ்டம் என்ற அந்த வித்தியாசத்தையே பாராமல் எல்லாப் பண ஆட்டங்களையும் இணையத்தில் தடுத்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் செய்தது. செய்தது சரி என்றே நினைக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவனின் முகம் தெரியாத ஆட்டத்தில் பாதி ஆட்டம் ஏற்கனவே போய்விட்டது.

முகத்தைப் பார்ப்பது ஆட்டத்தில் பாதி என்பது என் சொந்தச் சரக்கல்ல. துப்பறியும் கதைகளுக்குப் பிள்ளையார் சுழி போட்ட எட்கார் ஆலன் போ, 1841-இல் எழுதிய ‘ரூ மார்க் கொலைகள்’ கதையைக் கொலையில் ஆரம்பிக்கவில்லை; சீட்டில் ஆரம்பிக்கிறார். சதுரங்கத்தைவிட விஸ்ட் என்ற சீட்டாட்டத்துக்கே அதிக ஆராய்ச்சி புத்தி வேண்டும் என்பது அவர் வாதம். நல்ல ஆட்டக்காரன் தன் கையை மட்டும் பார்ப்பதில்லை. மற்றவர்கள் சீட்டை எப்படி அடுக்குகிறார்கள், எந்தச் சீட்டைப் பார்த்துக் கண் நிற்கிறது, எடுத்த பிடியை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதிலிருந்தே எல்லார் கையையும் படித்துவிடுகிறான் என்கிறார். பிற்பாடு கொலையைக் கண்டுபிடிப்பதும் அதே புத்திதான்.

புஷ்கின் 1834-இல் வெளியிட்ட ‘இஸ்பேட் ராணி’யில் விஷயம் நேர் எதிர். ஹெர்மன் ஒரு பொறியியல் அதிகாரி, சிக்கனக்காரன், கணக்குப் பார்க்கிறவன். இரவெல்லாம் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பானே தவிர சீட்டைத் தொடமாட்டான். அப்படிப்பட்டவனை ‘ஃபாரோ’ என்ற ஆட்டத்தில் கொண்டுபோய் விழவைக்கிறார் புஷ்கின். ஒரு சீட்டின் மேல் பணத்தைக் கட்டவேண்டியது. மற்றவன் சீட்டுகளை வலப்புறமும் இடப்புறமுமாகப் போட்டுக்கொண்டே போவான். எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பலன். அதில் யோசிக்க இடமே இல்லை. அங்கே போய் மூன்று, ஏழு, ஏஸ் என்ற ரகசியத்தை நம்பி உட்காருகிறான் கணக்குக்காரன்; கடைசியில் ஏஸ் என்று நினைத்துக் கையில் எடுத்தது இஸ்பேட் ராணி. வேறு ஆட்டமாக இருந்தால் அந்தக் கதையே கிடையாது.

டால்ஸ்டாய் இன்னும் ஒரு படி போகிறார். ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886) படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நோய் முற்றிவரும் நாளில் இவான் இலியிச் சீட்டாட உட்காருகிறார். பிரமாதமான கை. கூட்டாளி உற்சாகமாக மேஜையைத் தட்டுகிறார். ஆனால் பிடிகளைத் தாமே வாரிக்கொள்ளாமல், நோயாளி கையை நீட்டிச் சிரமப்பட வேண்டாமென்று அவர் பக்கமாக மரியாதையோடு நகர்த்தி வைக்கிறார். அந்தச் சின்னக் கை அசைவில் இவான் இலியிச்சுக்குத் தம் மரணம் தெரிந்துவிடுகிறது. ஆட்டம் கெடுகிறது, கெட்டது பற்றித் தமக்குக் கவலையே இல்லையே என்பதுதான் அவரை நடுங்க வைக்கிறது. கூட்டாளி இல்லாத ஆட்டத்தில் இந்தக் கட்டத்தை எழுத முடியாது.

நெல்லித்தோப்புத் திண்ணைக்கு வருகிறேன். கேள்வி கேட்ட பெரியவர் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் உட்கார வைத்து இருபத்தெட்டு சொல்லிக்கொடுத்தார். ஆறு வரைக்கும் உள்ள சின்னச் சீட்டுகளை எடுத்துவிட்டால் மிச்சம் முப்பத்திரண்டு. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் 1, மொத்தம் 28. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமில்லை. அவர் பட்டாளத்தில் ஆடிய பிரெஞ்சு ‘பெலோத்’திலும் இதே முப்பத்திரண்டு சீட்டுதான், துருப்பில் ஜாக்கியும் ஒன்பதுந்தான் உச்சம். ஆனால் அங்கே ராஜாவுக்கு ஏதோ கொஞ்சம் புள்ளி உண்டு. “ராஜா தலையை வெட்டினது அவங்க, சைபர் போட்டது நாம” என்று சிரிப்பார்.

இந்த ஆட்டத்தின் உயிர் கேள்வியில் இருக்கிறது. முதல் நாலு சீட்டைப் பார்த்ததுமே, இத்தனை புள்ளி எடுக்கிறேன் என்று கேட்க வேண்டும். மேலாகக் கேட்டவர் துருப்பைத் தேர்ந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். எந்த ஜாதி துருப்பு என்பது அவருடைய கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. இறக்கிய ஜாதி கையில் இல்லாதவன் கேட்டால்தான் துருப்பைத் திறந்து காட்டவேண்டும்.

எனக்கு வாய்த்த கூட்டாளி ஒரு கொத்தனார். பேச்சு கிடையாது. ஒருநாள் அவர் 16 கேட்டார். கூட்டாளி கேள்விக்கு மேல் போவதென்றால் எங்கள் திண்ணையில் 20 கேட்டாக வேண்டும். என்னிடம் ஒரு ஜாக்கியும் அதே ஜாதியில் ஒரு சில்லறைச் சீட்டும் இருந்தன. கேட்டேன். நடுவில், எதிராளி இறக்கிய ஜாதி கொத்தனார் கையில் இல்லை. கீழே மூன்று புள்ளி கிடக்கிறது. துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டவேண்டியதுதானே? அவர் ஒன்றுக்கும் உதவாத சீட்டு ஒன்றைப் போட்டுப் பிடியை விட்டுவிட்டார். ஒரே புள்ளியில் தோற்றோம். நான் நாலு பேர் முன்னிலையில் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதப்போவதில்லை. அவர் சீட்டுகளை ஒழுங்காகச் சேர்த்துத் தட்டிக் கலைத்தார், அவ்வளவுதான்.

ராத்திரி படுக்கையில் ஒவ்வொரு பிடியாகத் திருப்பி ஆடிப் பார்த்தேன். துருப்பு எதுவென்று தெரியாமலே, அது என் கையில் மெலிந்திருக்கிறது என்று நான் சீட்டுப் போடும் தயக்கத்திலிருந்து அவர் கண்டுகொண்டிருக்கிறார். அப்போது திறந்திருந்தால் எதிராளிகள் அந்த ஜாதியையே இறக்கி என்னை மொட்டையடித்திருப்பார்கள். ஒன்றில் அல்ல, ஐந்தாறில் தோற்றிருப்போம். தவறு அவர் வெட்டாததில் இல்லை. அவருடைய நியாயமான 16-ஐ மிதித்து நான் 20 கேட்டதில் இருந்தது. அது அவருக்கும் தெரியும். சொல்லவில்லை. மனித சுபாவத்தை எழுதிப் பிழைக்கிறவன் அவர் முகத்தைப் படிக்கவில்லை. அவர் என்னைப் படித்துவிட்டார். மறுவாரம் மன்னிப்புக் கேட்டேன். “சீட்டைப் போடுங்க சார்” என்றார்.

இந்த ஊரில் சீட்டைப் பற்றிப் பேசும்போது பாரதியை விட முடியாது. 1908-இல் புதுச்சேரிக்கு வந்தவர் பத்து வருஷம் இங்கே இருந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இல் வெளியானது. தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடத்தில், கோயில் பூசாரி விக்கிரகத்தை விற்றதற்கு ஒப்பிட்டு அவனைத் திட்டுகிறார். ஆடினான் என்பதற்காகத் திட்டவில்லை. தன்னுடையதல்லாததை, தன்னை நம்பி விட்டதை வைத்தான் என்றுதான் கோபம். என் 20-ஐ நினைத்துக்கொண்டு படித்தால் அந்த இடம் சுடுகிறது. வியாசரில் இன்னொரு நுட்பம் உண்டு. துரியோதனனுக்குப் பதிலாகச் சகுனி காயை உருட்டுவது முறையல்ல என்று தருமனுக்கே தெரிகிறது, வாய்விட்டுச் சொல்லவும் சொல்கிறான், சொல்லிவிட்டு ஆடுகிறான். புத்தி வேலை செய்தது, எழுந்திருக்கக் கால் வரவில்லை.

அதே தருமனுக்குக் காட்டில் நளன் கதை சொல்லப்படுகிறது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த கட்டம் சுயம்வரமல்ல, தான்றிமரம். தேரில் போகும்போது இருதுபன்னன் மரத்தைப் பார்த்து, இத்தனை இலை, இத்தனை காய் என்கிறான். நளன் சும்மா வியந்துவிட்டுப் போகவில்லை. தேரை நிறுத்தி, இறங்கி, மரத்தைச் சாய்த்து எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையைக் கற்றதும் கலி அவனை விட்டு வெளியேறுகிறான். பழங்காலத்தில் சூதாடியதே தான்றிக்கொட்டைகளால்தான் என்பதை நினைத்தால், கதை சொன்னவன் எவ்வளவு ஆட்டம் தெரிந்தவன் என்று புரியும். (திரிபலாவில் தான்றிக்கு நெல்லி அண்டை வீடு, நெல்லித்தோப்புக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) பிறகு நளன் மறுபடி ஆடி ஜயிக்கிறான், ஜயித்தபின் தன்னைக் கெடுத்த புட்கரனுக்கு அவன் பாகத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறான். எண்ணத் தெரிந்தவன் அதையும் செய்தான் என்று கதை சொல்கிறது.

என் நாவலுக்கு இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. தகப்பனாருக்கு ஓர் ஆட்டம் கொடுத்தாக வேண்டும். இருபத்தெட்டில் யாரும் வீட்டைத் தோற்பதில்லை. ரம்மி என்றால் அவர் கெட்டிக்காரராக ஆடி, கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் தோற்றிருக்க வேண்டும். கதையில் ஒரே ராத்திரிதான் இருக்கிறது. ஆகவே மூணு சீட்டு. ஆனால் நான் படைத்த அந்த மனிதர் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை, காலணா விடாமல் கூட்டிப் பார்க்கிறவர். அவர் ஏன் எண்ண இடமில்லாத ஆட்டத்தில் போய் உட்கார்ந்தார்? பெரியவரிடம் கேட்டேன். “அது எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே பெத்தவர்” என்றார். இருபது பக்கம் எழுதியாயிற்று. கணக்குப்பிள்ளை இன்னும் கடையை விட்டுக் கிளம்பவில்லை.