தெர்மாகோல் செல், ரெஜிபோம் கலம்

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிலேயே செல் பாடம் வந்துவிடுகிறது. இலங்கையில் செல்லுக்குக் கலம் என்று பெயர், அதன் கட்டமைப்பை விரிவாகப் படிப்பது தரம் 10இல். இந்த நாலு வயது இடைவெளி பிள்ளைகள் செய்துவரும் செல் மாதிரியிலும் தெரியும். பதினொரு வயதுப் பிள்ளையிடம் பேப்பர் கத்தியைக் கொடுக்க தமிழ்நாட்டில் யாருக்கும் மனம் வராது. அப்பா தெர்மாகோலை வெட்டுவார், அம்மா வண்ணம் பூசுவார், பிள்ளை பெயர்ச்சீட்டு ஒட்டும். 2012இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டில் இப்படிக் குடும்பமே மதிப்பெண் வாங்கியதுண்டு. அந்தச் சிரமமும் வேண்டாமென்றால் ஸ்டேஷனரி கடையில் ரெடிமேட் மாடல் கேட்கலாம்.

இலங்கையில் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்காக ஒப்படை செய்கிறவர்களுக்குப் பதினைந்து வயது. கத்தியை அவர்களே பிடிப்பார்கள். தெர்மாகோலுக்கு அங்கே ரெஜிபோம் என்று பெயர். பெயர் எதுவானாலும் பாலிஸ்டைரீன் பாலிஸ்டைரீன்தான்: ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் உருண்டையைக் குழிகுழியாகத் தின்றுவிடும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு இது தெரியவந்து என்ன பயன்? நீரில் கரையும் போஸ்டர் கலர், மரப்பசை என்றால் பயமில்லை.

2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் இலங்கையின் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த நாளில் கடையில் சாமான் வாங்கி மாதிரி செய்து வா என்று சொல்ல எந்த ஆசிரியருக்கு வாய் வரும்? பாதிச் சிரட்டை, களிமண், சமையலறைத் தானியம் போதும். தட்டுப்பாடே இல்லாவிட்டாலும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் சிக்கனம் அல்ல, அளவு.

20 மைக்ரோமீட்டர் விலங்குக் கலத்தை 30 சென்டிமீட்டர் உருண்டையாகச் செய்தால் 15,000 மடங்கு பெருக்குகிறோம். கரு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். சாத்துக்குடி சரியாக இருக்கும். இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) ஒன்றரை சென்டிமீட்டர் தடிப்பு. விரல் பருமனுக்குக் களிமண் உருட்டலாம். ரைபோசோம் அரை மில்லிமீட்டர்கூட வராது. கடுகும் மைசூர்ப் பருப்பும் பெரிது, ரவை பொருந்தும். மென்சவ்வோ ஒரு தாளின் தடிப்புத்தான். அதற்குப்போய் இரண்டு அங்குலத் தெர்மாகோல் ஓடு! மானுடச் செல்லுக்குக் கோட்டைச் சுவர் கட்டுவதில் மட்டும் இரு நாட்டுக்கும் வேற்றுமை இல்லை.

தாவரக் கலத்தில் கூத்து இன்னும் பெரிது. முதிர்ந்த கலத்தின் கொள்ளளவில் பெரும்பகுதியைப் புன்வெற்றிடமே (வாக்குவோல்) பிடித்துக்கொள்ளும். கருவும் பச்சையவுருமணிகளும் (பசுங்கணிகங்கள்) சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும். உள்ளபடி செய்தால் நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும், மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம். அதனால் மதுரையிலும் மட்டக்களப்பிலும் புன்வெற்றிடத்தை எலுமிச்சையளவுக்குச் சுருக்கி, மிச்ச இடத்தைப் பச்சை மணிகளால் நிரப்பிவிடுகிறார்கள்.