அடடா, என்ன நாய் அந்த ஜீனோ!

சுஜாதாவின் ஜீனோவுக்கு ஈடான ஒரு நாய் தமிழில் இல்லவே இல்லை, அடித்துச் சொல்வேன்.

எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலை. பகலெல்லாம் மோட்டார், பேரிங், சென்சார். ஷிப்ட் முடிந்து லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் எதுவும் கண்ணில் படாது. கொஞ்ச நாளாக அறிவியல் புனைவாகவே வாசித்துத் தள்ளுகிறேன்.

ஜீனோ வரும் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பதோ 2021இல். அரசு அனுமதித்தால்தான் பிள்ளை பெறலாம். நிலா, சிபி, ரவி என்று எல்லாருக்கும் இரண்டே எழுத்தில் பெயர். அந்தக் கெடுபிடிக்கு நடுவே, புத்தகம் படித்துப் படித்தே சொந்தமாக யோசிக்கத் தொடங்குகிறது இந்த இயந்திர நாய்! பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்திலும் பங்கெடுத்தவர் சுஜாதா. இயந்திரத்தோடு புழங்கிய கை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' அந்த உயரத்தைத் தொடவில்லை. ஜீனோ வாயைத் திறக்கும் இடமெல்லாம் அமிர்தம், மற்றதெல்லாம் இழுவை.

தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா'வை ஆசை ஆசையாக எடுத்தேன். 'வெட்டுப்புலி'யில் எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்தை அப்படி எழுதியவர் ஆயிற்றே! வேற்றுக் கிரகத்தில் மனிதர்களைக் குடியேற்றும் கதை, வேகம் அபாரம். ஆனால் அந்த மனிதர்கள் யாரும் ரயிலை விட்டு இறங்கிய பிறகு என்னோடு வரவில்லை.

ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு வேறு ரகம். ரசவாதம், சித்த மருத்துவம் என்று நம் மரபுக்குள்ளேயே அறிவியல் கதையைத் தோண்டி எடுக்கிறார். தலைப்புக் கதை வலசைப் பறவைகளைப் பற்றியது. பழவேற்காடு ஏரியில் பூநாரைக் கூட்டம் இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்தப் பறவைகளுக்கு வழி எப்படித் தெரிகிறது என்று இத்தனை வருஷம் கேட்டுக்கொள்ளாமலே இருந்திருக்கிறேன்! படித்து முடித்ததும் திரும்ப முதல் பக்கத்துக்கே போனேன்.

அதே ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்க்கிறோம். பொன்னேரிப் பிள்ளைகளே, பழவேற்காட்டுப் பிள்ளைகளே, இந்தக் கரையிலிருந்து ஒரு விண்வெளிக் கதை எழுதுங்கள். அதற்கு முன் ஜீனோவையும் 'விசும்பை'யும் படித்துவிடுங்கள்.