ரைட்டர் எழுதாத வார்த்தை

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டுக்கு 'ரைட்டர்' என்று பெயர். எழுத்தைப்பற்றி இத்தனை பக்கம் பேசுகிற நாம் இந்த எழுத்தாளரைப்பற்றிப் பேசியதில்லை. தலித் மக்களைப்பற்றி இந்த நாட்டில் மிக அதிகமாக எழுதியிருப்பவர் அவர்தான். அவருடைய எழுத்து கோர்ட்டில் படிக்கப்படுகிறது, பாராளுமன்றத்தில் பதிலாக வாசிக்கப்படுகிறது, இப்போது இணையதளத்திலும் ஏறி உலகம் முழுக்கக் கிடைக்கிறது. 2021 டிசம்பரில் 'ரைட்டர்' என்றே ஒரு சினிமா வந்தது. சினிமாக்காரர்களுக்குத் தெரிந்தது விமர்சகர்களுக்குத் தெரியாமல் போனது.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது. எங்கள் குடியிருப்பில் ஒரு அக்கா மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்து அடுக்குமாடியில் வீட்டுவேலை பார்த்தார். ஒருநாள் கீழ்தளத்தில் லிப்டுக்காக நின்றவரை, குடியிருப்பவர் ஒருவர், வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் பார்க்க, "பறச்சிக்கு லிப்டு கேக்குதா?" என்று கேட்டிருக்கிறார். புகார் எழுதிக்கொண்டு தென்சென்னையில் ஒரு ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணி குடுத்தார். படித்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, அந்த வார்த்தையெல்லாம் எதுக்கு? 'அசிங்கமா திட்டுனாங்க'ன்னு எழுதிக்கலாம். கூப்ட்டு வார்ன் பண்ணி அனுப்பிடறோம்."

அக்கா சொன்னார்: "அத்த எழுதலன்னா நான் இன்னாத்துக்கு சார் வந்தேன்? அசிங்கமா திட்டறது எனுக்குப் பழக்கந்தான். அதுக்கா ஒரு நாள் கூலிய வுட்டுட்டு வந்தேன்?"

ரைட்டர் எழுதினார். 'தகாத வார்த்தைகளால்' என்று எழுதினார். கையில் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது; எஃப்.ஐ.ஆர். இல்லை. புகார் வந்தது என்பதற்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான். இரண்டு மாசம் கழித்து தி.நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன். இல்லை. இல்லாமல் போனது எதுவென்று யோசித்தால், அந்த ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தை இருந்தால் அது வன்கொடுமை, இல்லாவிட்டால் வாய்ச்சண்டை.

இந்த இடத்திலிருந்துதான் அரசாங்கத்தின் குற்றப் புள்ளிவிவரங்களை வாசிக்கவேண்டும் என்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986-இல் உண்டானது. 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற அதன் ஆண்டறிக்கை அதற்கும் பழசு, 1953-லிருந்து வருகிறது. இப்போது எல்லாத் தொகுதிகளும் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களுக்கென்று அதில் தனி அத்தியாயம் உண்டு. 2021-இல் 50,900 வழக்குகள், 2022-இல் 57,582 வழக்குகள். அறிக்கை வந்த மறுநாளே நம் பத்திரிகைகள் எண்ணை எடுத்துப் போட்டு, ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு வன்கொடுமை என்று கணக்குப் போடும். கணக்கு சரி. வாசிப்புதான் தவறு. ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏதோவொரு ஸ்டேஷனில் ஒரு ரைட்டர் அந்த வார்த்தையை எழுத ஒத்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம். எழுத ஒத்துக்கொள்ளாத தடவைகளுக்கு இந்தப் புத்தகத்தில் அட்டவணை கிடையாது. எங்கள் அக்காவுக்கு அதில் இடமில்லை.

காப்பகமே முன்னுரையில் இதைச் சொல்கிறது: வழக்குகள் கூடியது என்றால் குற்றம் கூடியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பதிவு கூடியிருக்கலாம். இன்னொன்றும் சொல்கிறது. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகப் பெரியது எதுவோ அதை மட்டும் எண்ணுவார்கள். வீட்டைக் கொளுத்தி, சாதியைச் சொல்லித் திட்டி, கடைசியில் ஆளைக் கொன்றால் புத்தகத்தில் அது கொலை ஒன்று. நமக்கு நடப்பது ஒருபோதும் ஒன்றாக நடப்பதில்லை. ஊரே திரண்டு வந்து ஒரே ராத்திரியில் பத்து விதமாகச் செய்யும். பத்தையும் ஒன்றாக்கிச் சுருக்குகிற இலக்கணத்தை யாரோ ஒரு அதிகாரி கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. எண்ணுவதற்கு வசதி என்று செய்தார்கள். வசதி யாருக்கு என்பதுதான் விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி.

இந்த அத்தியாயத்தில் சேரவேண்டுமானால் குற்றம் செய்தவர் பட்டியல் சாதிக்கு வெளியே இருப்பவராக இருக்கவேண்டும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது, நியாயமானதுதான். ஆனால் இதிலும் ஒரு கதவு இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. இரண்டு வருஷம் கழித்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டபோது அதில் இருந்தவர்கள் அதே ஊர் தலித்துகள் மூன்று பேர். மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சி.பி.ஐ. வேண்டும் என்றார்கள். அடுத்த மாசமே வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சாதாரண நீதித்துறை நடுவர் கோர்ட்டுக்குப் போனது. நாடே பார்த்த ஒரு சம்பவம், யார் பெயரைக் குற்றவாளி என்று எழுதினார்கள் என்பதாலேயே வன்கொடுமை என்ற தலைப்பிலிருந்து நழுவிவிட்டது.

எண்களை இப்படி வாசிக்கப் பழகாததால் என்ன கேடு வந்தது என்று கேட்டால், 2018 மார்ச் 20-ஐச் சொல்வேன். அன்றைக்கு உச்சநீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வன்கொடுமைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போடுமுன் பூர்வாங்க விசாரணை வைக்கலாம், கைதுக்கு முன்அனுமதி வேண்டும், முன்ஜாமீன் தரலாம் என்று 1989-ஆம் வருஷச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டவை அரசாங்கத்தின் எண்கள்தான். 2015-இல் கோர்ட்டுகள் முடித்த வழக்குகள் 15,638. விடுதலை 11,024, வாபஸ் 495, தண்டனை 4,119. இதை வைத்துக்கொண்டு சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற பேச்சு கட்டப்பட்டது.

தோழர்களே, இந்த 11,024-ஐ நம்மில் யாராவது அதற்கு முன் வாசித்திருந்தோமா? அது என்ன எண்? டி.எஸ்.பி. விசாரிக்கவேண்டியதை இன்ஸ்பெக்டர் விசாரித்ததால் விழுந்த வழக்கு அதில் உண்டு. பண்ணையாரிடம் கூலிக்குப் போயே தீரவேண்டிய சாட்சி பிறழ்ந்ததால் போனது உண்டு. சாதிச் சான்றிதழைக் கோப்பில் சேர்க்காததால், 'எல்லாரும் பார்க்கும்படி' என்று புகாரில் எழுதாததால் போனது உண்டு. விடுதலை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, நிரூபிக்கவில்லை என்று அர்த்தம். நிரூபிக்கவேண்டிய வேலை போலீசுடையது, அரசு வக்கீலுடையது. அவர்கள் வேலை செய்யாததற்கான கணக்கு, நாம் பொய் சொன்னதற்கான கணக்காக நம் தலையிலேயே வந்து விழுந்தது!

2018 ஏப்ரல் 2-ஆம் தேதி பாரத் பந்தில் தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின. அந்த ஆகஸ்டில் பாராளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது: எஃப்.ஐ.ஆருக்குப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை, கைதுக்கு அனுமதி தேவையில்லை. 2019 அக்டோபர் 1-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. ஒரு அட்டவணையின் தப்பு வாசிப்பைத் திருத்த இத்தனை ரத்தம் தேவைப்பட்டது. இன்னும் முடியவில்லை. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 173(3)-இல், மூன்று முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனையுள்ள குற்றங்களுக்குப் பதினாலு நாள் பூர்வாங்க விசாரணை வைக்க இடம் தருகிறது. 18ஏ இருக்கும்போது இது வன்கொடுமை வழக்குக்குச் செல்லாது. ஆனால் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற அக்காவிடம் "பதினாலு நாள் டைம் இருக்கும்மா" என்று சொன்னால், 18ஏ என்று பதில் சொல்ல அவருக்கு யார் கற்றுத்தந்திருக்கிறோம்?

வீட்டுவேலை பார்க்கிற பெண்களுக்கு இன்னொரு சுவரும் உண்டு. 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம், வெளியாட்கள் யாரும் இல்லாமல் நாலு சுவருக்குள் சொன்ன சாதி வசவு இந்தச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வராது என்றது. அடையாறிலும் மயிலாப்பூரிலும் நாலு சுவருக்குள்தான் நம் பெண்கள் பாத்திரம் தேய்க்கிறார்கள். அந்த வேலையிடம் முழுக்க இணையதளத்துக்கு வெளியே இருக்கிறது.

எல்லாவற்றையும் மூடிவைக்கிற தளமா இது என்றால், அதுவும் இல்லை. 2016 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும், பாலியல் குற்றம் போன்றவற்றை மட்டும் ஏற்றக்கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் 2024 டிசம்பரில் கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் எஃப்.ஐ.ஆர்., அந்தப் பெண்ணின் விவரங்களோடு இணையத்தில் வந்துவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு, பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியதில் நேர்ந்தது என்றார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச்சொன்னது. அதைவிட நமக்கு முக்கியமானது, அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட நடையையே நீதிமன்றம் கண்டித்தது. பாதிக்கப்பட்டவளையே குற்றம் சொல்ல வழிவிடுகிற நடை என்றது. அதாவது ஒரு ஸ்டேஷன் எழுத்தின்மீது நீதிபதிகள் இலக்கிய விமர்சனம் செய்திருக்கிறார்கள். நாம் செய்யவில்லை.

நாம் புகார் கொடுக்கப் போகும்போது கண்ணுக்குத் தெரியாதவர்கள். அதே நாம் தி.நகர் ரங்கநாதன் தெருவில் நடந்தால் நன்றாகவே தெரிகிறோம். 2017 தீபாவளிக் கூட்டத்தில் அந்தப் பக்கம்தான் சென்னைப் போலீஸ் முக அடையாளம் காணும் செயலியைக் கையிலெடுத்தது. 2021-இல் தமிழ்நாடு முழுவதற்கும் அப்படியொரு மென்பொருள் வந்து, குற்ற ஆவண வலைப்பின்னலோடு இணைக்கப்பட்டது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்து தகவல்களை எடுத்துக்கொண்டு போனார்கள். கூவத்தின், அடையாற்றின் கரையிலிருந்து பிடுங்கி கண்ணகி நகரில் கொண்டுபோய் நட்ட நம் பிள்ளைகளுக்கு, விலாசத்தைச் சொன்னாலே போலீஸ் பார்வை மாறும் என்பது தெரியும். 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் குறவர் முதலிய சமூகங்களைப் பிறப்பிலேயே பதிவேட்டில் ஏற்றியது. சென்னை மாகாணத்தில் 1947-இல் அது ஒழிந்தது. மறுவருஷமே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கென்று ஒரு பத்தி இருந்தது. சாதி பார்த்து வேலை பிரித்த கையேடுகளும் இருந்தன. 2024 அக்டோபர் 3-இல் சுகன்யா சாந்தா வழக்கில்தான் உச்சநீதிமன்றம் அவற்றை அடிக்கச் சொன்னது. புகார் கொடுப்பவளின் சாதியை எழுதக் கூசுகிற பேனா, கைதியின் சாதியை எழுதக் கூசவில்லை.

இதனால் இந்தப் புள்ளிவிவரங்களைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் வசதியானவர்கள். நமக்கு வேறு எண் இல்லை. அரசாங்கமே ஒத்துக்கொண்ட குறைந்தபட்சம் இது. மெரினாவைப் பார்த்து நிற்கிற மயிலாப்பூர் டி.ஜி.பி. அலுவலகத்தின் வெள்ளைக் கட்டடத்துக்குள் நம்மால் சாதாரணமாகப் போய்விட முடியாது. இணையத்தில் அதன் கணக்கைப் பார்க்கலாம். எழுத்தாளர்கள், மாணவர்கள் இதைக் கவிதைத் தொகுப்பை வாசிக்கிற மாதிரி வரிவரியாக வாசிக்கவேண்டும்: முதலில் அடிக்குறிப்பு, அப்புறம் அட்டவணை, கடைசியில் மொத்தம். போலீஸ் முடித்த வழக்கு எத்தனை, கோர்ட்டில் தேங்கியது எத்தனை, தண்டனை எத்தனை என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு எண்ணையும் மேடையில் சொல்லக்கூடாது. சி.எஸ்.ஆராகவே செத்துப்போன புகார்கள் உங்கள் பகுதி ஸ்டேஷனில் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இணையதளத்தில் இல்லாத அட்டவணை அப்படித்தான் உருவாகும்.

இன்னொன்று, நம் சொந்த எழுத்து. 2015-இல் திருத்திய வன்கொடுமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, கையெழுத்துக்கு முன் படித்துக்காட்டி, நகல் தருவது அதிகாரியின் கடமை என்கிறது. வேண்டுமென்றே செய்யாத, தலித்தோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாசம் முதல் ஒரு வருஷம்வரை சிறை. தலித் சுயசரிதை என்றும் சாட்சியம் என்றும் இத்தனை வருஷமாக எழுதுகிறோமே, அந்த எழுத்துப் பயிற்சியை ஒரு புகார் மனுவுக்குக் கொடுத்தால் என்ன? யார், எங்கே, யார் பார்க்க, என்ன வார்த்தை. இந்த நாலும் இருக்கிற ஒரு பக்கம் எழுதுவது சிறுகதை எழுதுவதைவிடச் சின்ன வேலை இல்லை.

அந்தச் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து திரும்பி, அடையாறு அம்பேத்கர் மணிமண்டபம் பக்கம் பஸ்ஸுக்கு நின்றோம். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரசீதை என்னிடம் நீட்டி, "இதுல அந்த வார்த்த எங்க இருக்குது, காட்டு தம்பி" என்றார். இல்லை அக்கா என்றேன். கொஞ்ச நேரம் கம்முனு இருந்தார். அப்புறம், "அப்ப நீயாச்சும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். லேட்டாகத்தான்.