கேட்குதா... ஓவர்!

'டைட்டானிக்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? ஜாக், ரோஸ் எல்லாம் ஞாபகம் இருக்கும். கலிஃபோர்னியன்? அது அதே கடலில், கொஞ்ச தூரத்தில் நின்றிருந்த இன்னொரு கப்பல். 1912 ஏப்ரல் 14ம் தேதி ராத்திரி, பனிக்கட்டிகளைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டது. அதிலும் ஒயர்லெஸ் இருந்தது. ஆனால், ஒரே ஒரு ஆபரேட்டர். நாளெல்லாம் வேலை பார்த்தவர், சுமார் பதினொன்றரை மணிக்குப் படுக்கப் போய்விட்டார். அடுத்த பத்து நிமிஷத்தில் டைட்டானிக் மோதியது. அது அனுப்பிய அபாயச் செய்திகளை கலிஃபோர்னியனில் கேட்க ஆளே இல்லை!

அதன் பிறகுதான் உலக நாடுகள் லண்டனில் கூடி, 1914ல் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதின. ஒயர்லெஸ் இருந்தால் போதாது, யாராவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அதில் சேர்ந்தது.

நல்ல விதிதான். யாருக்கு? இன்றைக்கும் அந்த சர்வதேச ஒப்பந்தத்தின் ரேடியோ விதிகள், வெளிநாடு போகிற பயணிகள் கப்பல்களுக்கும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும்தான். மீன்பிடிப் படகுகளுக்கு விலக்கு. சின்னப் படகுகளை அந்தந்த நாடே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அலைக்கு இந்த டன் கணக்கெல்லாம் தெரியுமா, சொல்லுங்கள்!

நம் ஊருக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் சுறாவும் சூரையும் தேடி நூற்றுக்கணக்கான கடல் மைல் போவார்கள். கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கையில் இருப்பது வி.ஹெச்.எஃப். செட். அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. கரையில் உயரமான டவர் இருந்தால்கூட சில பத்து கடல் மைல். படகுக்குப் படகு என்றால் அதிலும் குறைவு. 2017 நவம்பர் 29 காலை தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையே ஒக்கி புயலாகிவிட்டது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு யார், எதில் சொல்வது? இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களில் ஆள் இல்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 2024 ஆகஸ்ட்டில் மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர், ஒரு லட்சம் படகுகளுக்கு. மதிப்பு 364 கோடி. பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். படகுக்கு 36,400 ரூபாய். ஒரு உயிருக்கு முன்னால் இது ஒரு காசா!

என் சண்டை காசோடு இல்லை, கணக்கோடு. எத்தனை கருவி கொடுத்தோம் என்பதே சாதனையாகிவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மீனவர் பட்டனை அழுத்தினால் எத்தனை நிமிஷத்தில் பதில் வரும்? அவருக்குத் தெரிந்த மொழியில் வருமா? அவரை மீட்க எது, எங்கிருந்து கிளம்பும்? எந்த விதியாக இருந்தாலும் முதல் பக்கத்தில் இருக்கவேண்டியது இதுதான்.

இதை இஸ்ரோ புரிந்துகொண்டிருக்கிறது. 2010லிருந்து இயங்கிய அவர்களுடைய ஆபத்து அறிவிப்புக் கருவி, செய்தியை அனுப்பும், அவ்வளவுதான். யாருக்காவது போய்ச் சேர்ந்ததா என்று தத்தளிக்கிறவருக்குத் தெரியாது. 2024ல் வந்த புது மாடல், 'கிடைத்தது' என்று பதில் சொல்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம் இல்லையா?

படகுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மீன் கிடைக்கும் இடம் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடுமே என்று கருவியை அணைத்துவைப்பது உலகம் பூராவும் உள்ள வழக்கம். 16ம் சேனல் ஆபத்துக்கும் அழைப்புக்கும்தான். அங்கே மீன் விலையும் ஊர்க்கதையும் பேசினால் அடுத்த படகின் கூக்குரல் எப்படிக் கேட்கும்?

ரேடியோ பேச்சில் 'ஓவர்' என்றால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. 'நான் சொல்லிவிட்டேன், உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்' என்று அர்த்தம். அந்தப் பதில் கரையிலிருந்துதான் வரவேண்டும்.