தழுவுதலும் அணைத்தலும்

மாணவர் கையாளும் சிற்றகராதிகள் தழுவுதல் என்பதற்கு அணைத்தல் என்றும், அணைத்தல் என்பதற்குத் தழுவுதல் என்றும் பொருள் எழுதி அமைகின்றன. தாய் குழந்தையைத் தழுவினாள் எனினும் அணைத்தாள் எனினும் செய்தி ஒன்றே. ஆதலின் இவற்றை ஒருபொருட் கிளவிகளாகக் கொள்வது இயல்பே. அவ்வோரிடத்தைக் கடந்தால் இவை வேறுபடுதலைக் காணலாம். ஒருவன் ஒரு சமயத்தைத் தழுவினான் என்கிறோம்; அணைத்தான் என்பதில்லை. முல்லை நிலத்து வீர விளையாட்டை ஏறு தழுவுதல் என்பர். ஏறு அணைத்தல் என எவரும் கூறார். லிட்டன் எழுதிய கதையொன்றைத் தழுவி எழுந்தது 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம். அங்கும் அணைத்தலுக்கு இடமில்லை.

அணை என்பதன் அடிப்பொருள் நெருங்குதல் என்க. ஊரை அணைந்தான் எனின் ஊரைச் சேர்ந்தான் என்பது பொருள். அதன் பிறவினையே அணைத்தல். அஃதாவது, இடைவெளியின்றிச் சேர்த்துக்கொள்ளுதல். விளக்கை அணைத்தல் என்னும் வழக்கு இதனோடு எங்ஙனம் இயையும் என்பது தனி ஆராய்ச்சி. மலையாளத்திலும் அணயுக என்னும் வினை நெருங்குதலையும் விளக்கு அவிதலையும் ஒருங்கே குறிக்கின்றது என்பதை மட்டும் ஈண்டுச் சுட்டி அமைவோம்.

தழுவுதலோ வெறும் நெருக்கம் அன்று. ஒன்று மற்றொன்றைத் தன்னகத்துக் கொள்ளுதலே அதன் உயிர்ப்பொருள். இதனை நன்கு உணர்ந்தோர் இலக்கண நூலார். அவர் எடுத்துக்காட்டும் கைக்களிறு என்னும் தொடரை நோக்குக. இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. இடையே ககர ஒற்றும் மிக்கு அவற்றை இறுகப் பிணிக்கின்றது. ஆயினும், கையையுடைய களிறு என விரியுமிடத்துக் கை என்பது உடைய என்பதனோடு இயைந்தே பொருள் தருதலின், இதனைத் தழாத்தொடர் என்றனர். அணைந்து நின்றும் தழுவவில்லை என்பது இதனால் பெறப்படும். இதற்கு மறுதலையாக நிற்பது எச்சவும்மை. சாத்தனும் வந்தான் என்றவழி, முன்னர் வேறொருவன் வந்தமை கூறப்படவே இல்லை; எனினும் உம்மை அதனைத் தழுவுகின்றது. இறந்தது தழுவிய எச்சவும்மை என்னும் பெயரே அதற்குச் சான்று. அருகில் இல்லாததையும் தழுவ இயலும்; அணைக்க இயலாது.

பரிமேலழகர் உரை இக்கருத்துக்குத் தடையாகும் எனலாம். செங்கோன்மை அதிகாரத்தில் வேந்தன் குடிகளைத் தழுவுதலை வள்ளுவர் தழீஇ என்னும் சொல்லால் கூற, உரையாசிரியர் அதற்கு அணைத்து என்றே பொருள் வரைந்தார். ஆயின் அவ்வளவில் அவர் அமைந்தாரல்லர். இன்சொல் கூறுதலும் தளர்ந்த காலத்து வேண்டுவன கொடுத்தலும் முதலாயினவே அணைத்தல் என மேலும் விளக்கினார். மூலச்சொல் தானே தந்த பொருளை அணைத்தல் தாராமையின் இவ்விளக்கம் வேண்டுவதாயிற்று என யாம் கருதுகிறோம்.

அரவணைத்தல் என்னும் சொல் ஆதரித்தல் என்னும் பொருளில் இன்று பெருவழக்காய் இருத்தல் எம் கருத்துக்கு முற்றும் இசையவில்லை. அதனை மறைத்தல் முறையன்று. அங்கே அணைத்தல் தழுவுதலின் எல்லைக்குள் புகுந்துவிட்டது. அப்புகுதி பரிமேலழகர் காலத்திலேயே தொடங்கிற்றுப் போலும்.