கார்மில்லாவின் பக்கம்

1970இல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் சிக்கனமாக எடுத்த ‘தி வாம்பயர் லவ்வர்ஸ்’, ஷெரிடன் லெ ஃபனுவின் ‘கார்மில்லா’ குறுநாவலைத் தழுவியது. இதைப் பேய்ப்படம் என்பதைவிடத் துயரக் காதல் கதை என்பதே பொருந்தும். இன்கிரிட் பிட் நடித்த ரத்தக் காட்டேரி கார்மில்லா, குறுக்கே வரும் மருத்துவரையும் வேலைக்காரரையும் தயங்காமல் கொல்கிறாள். தான் விருந்தாளியாகத் தங்கும் வீட்டின் மகள் எம்மாவை மட்டும் முடிக்க மனமில்லாமல் நாள் கடத்துகிறாள். பிடிபடும் தறுவாயிலும் தனியே தப்பாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள். வெறும் பசிக்கு இவ்வளவு பாடு எதற்கு? படத்தின் நிர்வாணக் காட்சிகள் ஆண் ரசிகர்களுக்காகவே என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அவற்றைக் கத்தரித்தாலும் பிட்டின் கண்களில் அந்த ஏக்கம் மிஞ்சும். முடிவில் பீட்டர் குஷிங்கின் பாத்திரம் கார்மில்லாவின் தலையை வெட்டுகிறார்; அவளிடம் முன்பே தன் வீட்டுப் பெண்ணைப் பறிகொடுத்தவர், நியாயம் அவர் பக்கம்தான். இருந்தும் நம் மனம் அவருடன் போக மறுக்கிறது.